விற்க எதுவுமில்லாத மேசை

அன்புத் தங்கைக்கு,

பிரிக்ஃபீல்ட்ஸில் மாணவர்களுக்கு மேற்கல்வி வழிகாட்டும் தொண்டில் சேர்ந்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். மனம் நிறைந்தது. சம்பளம் கிடையாது, சனி ஞாயிறும் போய்விடும். ஆனாலும் நம் பிள்ளைகளுக்கு இப்போது மிகவும் தேவைப்படும் ஆள் நீதான்.

ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த வாரத்தில் ஆலோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? கல்விக் கண்காட்சியில் கல்லூரி முகவர்கள் அன்பாகப் பேசுவார்கள், குளிர்பானம்கூட வாங்கித் தருவார்கள். ஆனால் பிள்ளையைச் சேர்த்துவிட்டால் அவர்களில் பலருக்குக் கமிஷன் உண்டு. அதனால் அதிகச் செலவில்லாத ஆறாம் படிவத்தைப் பற்றியோ, அரசாங்க பாலிடெக்னிக்கைப் பற்றியோ வாய் திறக்க மாட்டார்கள். உன்னிடம் விற்க எதுவுமில்லை. இலவசச் சேவை என்று யாராவது உன்னைக் குறைத்துப் பேசினால் இதை நினைத்துக்கொள்.

போன ஆண்டு கிள்ளானில் ஒரு தாயும் மகனும் என்னிடம் வந்தார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் முடிவுத் தாள், அடையாள அட்டை நகல், ஒரு தனியார் கல்லூரியின் கடிதம். வணிக டிப்ளோமாவாம், இன்றைக்கே ஐந்நூறு வெள்ளி கட்டினால்தான் இடமாம். சங்கிலியை அடகு வைக்கலாமா என்று தாய் கேட்டார். உனக்கு என்ன பிடிக்கும் என்று பையனைக் கேட்டேன். அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவரைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு மறுபடி கேட்டபோதுதான் பேச்சு வந்தது. விடுமுறையில் மாமாவோடு வயரிங் வேலைக்குப் போகிறானாம், அதுதான் பிடிக்குமாம். கணிதத்திலும் அறிவியலிலும் கிரெடிட் இருந்தது. பொதுப் பல்கலைக்கழகங்களுக்குப் போடும் யுபியு மனுவிலேயே பாலிடெக்னிக்கும் கேட்கலாம் என்பது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அன்று மாலைக்குள் விருப்பப் படிப்புகளின் வரிசையை மாற்றி அனுப்பினோம். இப்போது ஷா ஆலம் பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் படிக்கிறான்.

ஆகவே முதலில் கேள், பிறகு பேசு. தன்முனைப்புப் பேச்சு வேண்டாம். அதற்கு நம்மிடம் நிறைய பேர் இருக்கிறார்கள். ஒரு தனியார் படிப்பைப் பற்றிக் கேட்டு வந்தால், படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டில் அது இருக்கிறதா என்று பெற்றோர் கண்ணெதிரே தேடிக் காட்டு. அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் பி.டி.பி.டி.என். கல்விக் கடனும் கிடைக்காது. மலாய்மொழியிலோ வரலாற்றிலோ தேறாதவன் எல்லாம் முடிந்துவிட்டது என்று ஒடிந்து வருவான். அந்தத் தாளை மட்டும் மீண்டும் எழுதலாம் என்று சொல். நான்காம் படிவப் பிள்ளைகள் வந்தால் புறப்பாடத்தைக் கைவிட வேண்டாம் என்று சொல். பொதுப் பல்கலைக்கழகத் தகுதிப் புள்ளியில் கல்விக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10. அந்தப் பத்தில் நழுவிய இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

இதைவிடக் கடினமான வேலை, இடம் கிடைத்த பிறகு வருகிறது. ஒரு பெண்ணுக்குக் கோத்தா கினபாலுவில் சபா பல்கலைக்கழகம் கிடைத்திருக்கும். வீட்டில் சந்தோஷம் ஒரு நாள்தான் நிற்கும். மறுநாள், “விமானம் ஏறிப் போய்ப் படிக்கணுமா? பக்கத்திலேயே ஏதாவது பார்ப்போமே” என்பார் பாட்டி. விமானச் செலவு, விடுதிக் கட்டணம், முதல் மாதக் கைச்செலவு என்று அப்பா மனக்கணக்குப் போட்டு மௌனமாகிவிடுவார். பதிவு நாள் கடந்துபோகும். இப்படி விட்டுப்போகும் இடங்கள்தான் என்னை அதிகம் வதைக்கின்றன. நீ தொலைபேசியோடு நிறுத்திக்கொள்ளாதே, வீட்டுக்குப் போ. அங்கே ஏற்கெனவே படிக்கும் நம் ஊர்ப் பெண் ஒருத்தியைத் தேடிப் பிடித்துத் தாயோடு பேச வை. கடன் பணம் கைக்கு வரும்வரை சமாளிக்க எங்கே உதவி கேட்கலாம் என்ற விவரத்தைக் கையில் வைத்திரு.

இந்த வழியை நமக்கு முன்னமே போட்டுத் தந்தவர்கள் இருக்கிறார்கள். துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பணத்தில் வளர்ந்தது. பின்னாளில் உறுப்பினர் பிள்ளைகளின் படிப்புக்கும் கைகொடுத்தது. 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில் தொண்டர்கள் வார இறுதிகளில் பாடம் எடுத்தார்கள். பால்மரம் சீவிய கைகளின் பேரப்பிள்ளைகள் இன்று கிள்ளான் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். புள்ளிகள் வாங்கத் தெரிந்துகொண்டார்கள். அந்தப் புள்ளிகளோடு எந்த வாசலைத் தட்டுவது என்பதில்தான் பல வீடுகள் இன்னும் திணறுகின்றன.

யுபியு முடிவு வெளியாகும் வாரத்தில் விடுப்பு எடுத்துக்கொள். இடம் கிடைக்காத ஒவ்வொரு பிள்ளையையும் நீயே கூப்பிட்டு, ரயுவான் என்னும் மேல்முறையீட்டு மனு போடவை. அதற்குத் தரும் அவகாசம் மிகக் குறைவு.

அன்புடன்,
கிள்ளானிலிருந்து உன் அக்கா