கீழ்த்தாடை இம்பிளான்ட் ஆடாமலிருக்க

கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் பாதையில் ஈப்போவுக்கு இறங்கி, பல்லுக்குப் பதில் எலும்பில் திருகும் இம்பிளான்ட் வைத்து வருகிறவர்கள் கவனிக்க: கீழ்த்தாடை எலும்பு பொதுவாக மேல்தாடையைவிட அடர்த்தியானது, திருகு அன்றே இறுகிவிட்டதுபோல் தோன்றும். நம்பிவிடாதீர்கள். பழைய எலும்பு கரைந்து புது எலும்பு வளரும் 3, 4ஆம் வாரத்தில்தான் பிடிப்பு தளரும். வலி போய்விட்டதே என்று முறுக்கைக் கடிப்பதும் அப்போதுதான்! ரசம் சாதம், இடியாப்பம் போதும். சிகரெட், வெற்றிலை, புகையிலை வேண்டாம். இனிப்பு நீர் உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு நாள் குறியுங்கள்.

கீழே பல்லே இல்லாத தாத்தா பாட்டிக்கு வரிசை முழுக்கத் திருக வேண்டியதில்லை. முன்பக்கம் 2 இம்பிளான்ட், அவற்றைக் கவ்வும் கழற்றி மாட்டும் பல்செட்: 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்தது இதைத்தான். பிறகு பல்செட் ஆடினால் பதறாதீர்கள். பெரும்பாலும் கவ்வும் ரப்பர் அல்லது நைலான் வளையம் தேய்ந்திருக்கும், அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.