பட்டினி போட்டால் புற்று கரையுமா?

கேள்வி: அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது. பட்டினி இருந்தால் 'ஆட்டோபேஜி' தூண்டப்பட்டுப் புற்று கரைந்துவிடும், இதற்கு நோபல் பரிசே கொடுத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
– ஒரு வாசகர், நல்லம்பள்ளி, தருமபுரி மாவட்டம்

பதில்: நோபல் உண்மை. புற்று கரையும் என்பது மேலே தூவிய மசாலா. 2016-ல் ஜப்பானின் யோஷினோரி ஓசுமி அதைப் பெற்றது ஈஸ்ட் செல்களில் ஆட்டோபேஜியை ஆராய்ந்ததற்காக. பட்டினி வைத்தியத்துக்காக அல்ல.

செல் தன் பழுதான பாகங்களைத் தானே செரித்து, அந்தச் சத்தை மறுபடி பயன்படுத்துவதுதான் ஆட்டோபேஜி. நல்ல செல்லுக்கு இது துப்புரவு வேலை. புற்று உருவாவதைத் தடுக்கவும் உதவும். ஆனால் வளர்ந்துவிட்ட புற்றுக்கு இதுவே பஞ்சகாலத்துக் குதிர். கீமோ தாக்கும்போது பல கட்டிகள் இதை வைத்துத்தான் தாக்குப்பிடிக்கின்றன. அதனால் ஆராய்ச்சியாளர்கள் பலரும் இதைத் தடுக்கப் பார்த்தார்கள். கொரோனா காலத்தில் பெயர் அடிபட்ட, ஆட்டோபேஜியைத் தடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்தைக் கீமோவோடு சேர்த்துச் சோதித்தார்கள். பலன் கலவையாகவே வந்தது, வழக்கமான சிகிச்சையாகவில்லை. நீங்களாக மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். கண்ணையும் இதயத் துடிப்பையும் பாதிக்கக்கூடியது அது.

பட்டினியால் கீமோவில் இருப்பவர் எடை இழப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. கேழ்வரகுக் கூழோ, முட்டையோ, அம்மாவுக்கு எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். சிகிச்சை தரும் டாக்டரைக் கேட்காமல் ஒருவேளைச் சாப்பாட்டைக்கூட நிறுத்தாதீர்கள்.