சக்கரங்களின்மேல் ஒரு வீடு

நுழையும்முன்

வீடு என்றவுடன் அசையாச் சுவர்களும் வாசலும் ஓர் ஊரின் பெயரும் நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. ஆனால், வேலை இருக்கும் இடத்திற்குத் தம் வீட்டையே ஓட்டிச் செல்வோரும் உலகில் உள்ளனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பருவந்தோறும் இடம்மாறி உழைக்கும் அம்மக்களின் வாழ்வை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

அறுவடை அழைக்கிறது

அமெரிக்காவின் வடபகுதியில், மினசோட்டா, வடக்கு டகோட்டா ஆகிய மாநிலங்களுக்கு இடையே ரெட் ஆறு ஓடுகிறது. அதன் பள்ளத்தாக்கில் சர்க்கரைப் பீட் பெருமளவில் விளைகிறது. அக்டோபர் தொடக்கத்தில் அதன் முதன்மை அறுவடை தொடங்கும். நிலம் உறைந்துபோவதற்குள் கிழங்கு முழுவதையும் தோண்டி எடுத்தாக வேண்டும். ஆகவே, இரவும் பகலும் பன்னிரண்டு மணிநேரச் சுழல்முறையில் வேலை நடைபெறும். சில வாரங்களே நீடிக்கும் இவ்வேலைக்கு வேண்டிய ஆள்கள் அச்சிற்றூர்களில் இல்லை. அவர்கள் நாட்டின் பல பகுதிகளிலிருந்து தம் ஊர்திகளில் வந்து சேர்கின்றனர்.

சரக்குந்துகள் கொண்டுவரும் கிழங்குகளை எந்திரங்கள் மலைபோல் குவிக்கின்றன. வண்டிகளுக்கு வழிகாட்டுதல், சர்க்கரையின் அளவை அறிய மாதிரி எடுத்தல், சிதறிய மண்ணை அள்ளுதல் ஆகியன வந்தவர்களின் பணிகள். மழை பெய்தால் வேலை நிற்கும். வெயில் மிகுந்தாலும் வேலை நிற்கும். வெப்பத்துடன் குவிக்கப்பட்ட கிழங்கு அழுகிவிடும் அன்றோ? வேலை நின்ற நாள்களில் தொழிலாளர் தம் ஊர்திகளுக்குள் காத்திருப்பர்.

ஊர்திக்குள் ஒரு குடித்தனம்

இவ்வூர்தியை அமெரிக்கர் ‘ஆர்.வி.’ என்று சுருக்கமாக அழைப்பர். நாம் ‘கேரவன்’ என்று அறிந்துள்ள வண்டியை ஒத்தது இது. படுக்கை, அடுப்பு, குளியலறை ஆகியன இதனுள் அடங்கும். நல்ல நீருக்கு ஒரு தொட்டி, சமையலறை மற்றும் குளியலறைக் கழிவுநீருக்கு ஒரு தொட்டி, மலக்கழிவுக்கு ஒரு தொட்டி எனப் பெரும்பாலும் மூன்று தொட்டிகள் இருக்கும். கழிவுத் தொட்டிகள் நிரம்பும்முன் அதற்கென அமைந்த இடத்தில் அவற்றை வெளியேற்ற வேண்டும். கூரையில் பொருத்திய சூரியத் தகடுகள் மின்கலத்தை நிரப்பும். சமையலும் கணப்பும் உருளையிலுள்ள எரிவாயுவால் நடைபெறும். கடுங்குளிர் இரவுகளில் குழாய் நீர் உறைந்துவிடாமல் காப்பது அன்றாடக் கவலையாகும். நிலையான வீட்டில் நாம் எண்ணியும் பாராத நீரும் மின்சாரமும் இங்கு அளந்து செலவிடப்படுகின்றன.

பருவங்களின் வழியே

பீட் அறுவடை முடிந்ததும் பயணம் தொடரும். நவம்பர், டிசம்பர் மாதங்களில், பண்டிகைக்கால விற்பனைக்காகக் கிடங்குகளில் வேலை கிடைக்கும். ஊர்திகளில் வாழ்வோரை இதற்கெனவே சேர்க்க, அமேசான் நிறுவனம் ‘கேம்பர்ஃபோர்ஸ்’ என்னும் திட்டத்தைப் பல ஆண்டுகள் நடத்தியது. குளிர்காலத்தில் பலர் தெற்கே சென்று, அரிசோனாவின் குவார்ட்சைட் என்னும் பாலைநிலச் சிற்றூரைச் சூழ்ந்து தங்குவர். அங்கே நடுவண் அரசின் நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கட்டணம் செலுத்தி நெடுநாள் தங்கலாம். கோடை வந்ததும் மலைக்காடுகளிலுள்ள முகாம்களைப் பராமரிக்கும் பணிக்குச் செல்வர். பறவைகளின் வலசையைப்போல் இவர்களின் பாதையும் பருவத்தைப் பின்பற்றியே அமைகிறது.

விருப்பமா, நெருக்கடியா?

இவர்கள் அனைவரும் ஒரே காரணத்தால் புறப்பட்டவர்கள் அல்லர். பணி ஓய்வுக்குப்பின் நாட்டைச் சுற்றிப் பார்க்க விரும்பித் தம் வீட்டை விற்றவர்கள் உண்டு. 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்தவர்களும் உண்டு. வாடகை கொடுத்தபின் ஓய்வுக்கால உதவித்தொகையில் எஞ்சுவது போதாமல், அறுபது, எழுபது வயதிலும் சுமை தூக்குவோர் இவர்களுள் உள்ளனர்.

நெவாடா மாநிலத்தில் எம்பயர் என்றோர் ஊர், ஜிப்சம் ஆலையை நம்பியே வாழ்ந்தது. 2011இல் ஆலை மூடப்பட்டது. ஆலைக்குச் சொந்தமான வீடுகளில் குடியிருந்தோர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவ்வூரின் அஞ்சல் குறியீட்டு எண்ணும் நீக்கப்பட்டது. வேலை போனபோது வீடும் முகவரியும் உடன்போயின.

முகவரி என்பது கடிதம் வருவதற்கு மட்டும் உரியதன்று. ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, காப்பீடு, வாக்குரிமை ஆகிய அனைத்தும் அதனோடு பிணைந்தவை. தெற்கு டகோட்டா மாநிலத்தில், நிலையான வீடற்ற பயணிகள் அங்கு ஓரிரவு தங்கியதற்கான சான்றினைக் காட்டி உரிமம் பெற வழியுண்டு. அதனால் அம்மாநிலத்தை முகவரியாகக் கொண்டு நாடெங்கும் உலவுவோர் பலர்.

சாலையில் நின்று பார்க்கும் நமக்கு விரும்பிப் புறப்பட்டவரின் ஊர்தியும் வேறு வழியின்றிப் புறப்பட்டவரின் ஊர்தியும் ஒன்றுபோலவே தோன்றும். உடல் நலிந்தாலோ, ஊர்தி பழுதுற்றாலோ வேறுபாடு வெளிப்படும். முன்னவர் பயணத்தை நிறுத்திக்கொள்ளலாம். பின்னவருக்கு ஊர்தி நின்றால் வருவாயும் நிற்கும், வீடும் நிற்கும். விரும்பியபோது புறப்பட முடிவது விடுதலையின் ஒரு பாதி. விரும்பியபோது ஓரிடத்தில் தங்க முடிவது அதன் மறுபாதி. உழைக்கும் எவருக்கும் இரண்டும் வாய்க்கின்றனவா என்று வினவுவது ஒரு சமூகத்தின் கடமையாகும்.

தெரிந்து தெளிவோம்

இம்மக்களோடு பயணம் செய்து, ஜெசிகா புரூடர் என்னும் இதழாளர் எழுதிய ‘நோமேட்லேண்ட்’ என்னும் நூல் 2017இல் வெளிவந்தது. அதனைத் தழுவி குளோயி சாவ் இயக்கிய திரைப்படம், 2021இல் சிறந்த படத்திற்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. ஊர்திகளில் வாழும் சிலர் அப்படத்தில் தாமாகவே தோன்றி நடித்துள்ளனர்.

கற்பவை கற்றபின்

1. ‘வீடு என்பது இடமா, உறவா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. பருவகால வேலைக்காக உங்கள் பகுதிக்கு வரும் அல்லது உங்கள் பகுதியிலிருந்து செல்லும் தொழிலாளர் ஒருவரைச் சந்தித்து, அவர்தம் தங்குமிடம், குழந்தைகளின் கல்வி, குடும்ப அட்டை ஆகியன குறித்துக் கேட்டறிந்து ஒருபக்க அளவில் எழுதுக.