மாதிரி லாரிக்குப் பூட்டும் டிபரன்ஷியல்

ரேடியோ அலையால் இயக்கப்படும் மாதிரி லாரி வளைவில் திரும்புகையில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிகத் தொலைவு ஓடவேண்டும். இரு சக்கரங்களின் இடைவெளி 20 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். ஒரு முழு வட்டத்தில் வேறுபாடு அதன் 6.28 மடங்கு, அதாவது ஏறத்தாழ 126 சென்டிமீட்டர். வட்டம் பெரிதாயினும் சிறிதாயினும் இத்தொகை மாறுவதில்லை. கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

இவ்வேறுபாட்டுக்கு இடமளிப்பதே டிபரன்ஷியலின் வேலை. ஆனால் அது இரு சக்கரங்களுக்கும் சமமான திருப்புவிசையையே பகிர்கிறது. ஒரு சக்கரம் பாறைமேல் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுழற்ற மிகச் சொற்ப விசை போதும். தரையிலுள்ள சக்கரத்துக்கும் அவ்வளவே கிட்டும். லாரி நகராது. டிபரன்ஷியலைப் பூட்டினால் இரண்டும் ஒரே வேகத்தில் சுழலும். பிடிப்புள்ள சக்கரம் வண்டியை இழுத்துச் செல்லும்.

அப்படியானால் எப்போதும் பூட்டியே வைக்கலாமே எனலாம். மண்ணில் பாதகமில்லை, டயர் சறுக்கி அந்த 126 சென்டிமீட்டரை ஈடுகட்டிவிடும். சிமெண்டுத் தரையிலோ அது எளிதில் சறுக்காது. வண்டி திரும்ப மறுக்கும்; அச்சுத்தண்டு முறுக்கப்படும். ஆகவே சமதரையில் சரக்கிழுக்கும் லாரிக்குப் பூட்டில்லாததே தகும். பாறை ஏறும் வண்டிக்கு இரு அச்சுகளையும் பூட்டுதல் நலம். இரண்டிலும் ஓட்டுவோர் பின்னச்சை மட்டும் பூட்டலாம் என்பது என் கருத்து: ஏற்றத்தில் எடை பின்னே சாய்கிறது, முன்சக்கரங்களும் தடையின்றித் திரும்பும். 2017-இல் வெளிவந்த டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 வண்டியில் ஓட்டும்போதே தொலைவிலிருந்து பூட்டவும் திறக்கவும் இயலும். ஆனால் பூட்டை நகர்த்தத் தனிச் சிறு மோட்டார்கள் வேண்டும். பழுதாகக்கூடிய உறுப்புகளும் அந்த அளவுக்குக் கூடும்.