கிளீனர் பக்கம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அப்ரண்டிஸாகச் சேர்ந்திருக்கிறாய் என்றும், கவரைப்பேட்டையிலிருந்து சைக்கிளிலேயே போய்வருகிறாய் என்றும் உன் அம்மா போனில் சொன்னாள். சந்தோஷம். அதே மூச்சில், "பயமா இருக்குண்ணா, தவணையில ஒரு பைக் எடுத்துக் குடுத்துரலாமா?" என்றும் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 2022-ல் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் செத்தார்கள் என்று மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் பைக், ஸ்கூட்டரில் போனவர்கள். சைக்கிளில் போனவர்கள் மூன்று பேருக்கும் சற்றுக் குறைவு. பைக் அதிகம் ஓடுகிறது, அதனால் சாவும் அதிகம் என்று நீ சொல்வாய். சரிதான். ஆனாலும் பைக் வாங்கினால் பயம் தீர்ந்துவிடும் என்று உன் அம்மா நினைப்பதை அந்தக் கணக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

அவளுக்குப் பயம், உன் பின்னால் வருகிற வண்டிமேல். ஜி.என்.டி. ரோட்டில் டிரெய்லர் ஓட்டிப் பிழைத்த எனக்குத் திரும்புகிற வண்டிமேல் பயம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய்.

லாரியில் டிரைவர் வலதுபக்கம் உட்காருகிறான். நீ அந்தப் பக்கம் இருந்தால் தலையை நீட்டிப் பார்த்துவிடுவான். இடதுபக்கம் அப்படியில்லை. அவன் கண்ணுக்கும் இடக் கதவுக்கும் நடுவில் கேபினின் முழு அகலமும் கிடக்கிறது. ஜன்னலும் உயரத்தில் இருக்கிறது. கதவை ஒட்டி சைக்கிளில் நிற்கிற உன் தலை அதற்குக் கீழே போய்விடும். மிச்சம் இருப்பது கண்ணாடி. மழைக்காலத்தில் அதுவும் போச்சு. வைப்பர் முன் கண்ணாடியைத்தான் துடைக்கும். ஐப்பசி மழையில் இடப்பக்கக் கண்ணாடியில் தெரிவதெல்லாம் தண்ணீரும் எதிர் வெளிச்சமும்தான்.

எங்கள் காலத்தில் அந்தப் பக்கம் கிளீனர் உட்கார்ந்திருப்பான். லாரி இடதுபக்கம் ஒடியும்போது தலையை வெளியே விட்டுக் கதவைத் தட்டுவான். "சைக்கிள் வருது, நில்லு நில்லு" என்று கத்துவான். அந்தப் பையன்களுக்குச் சம்பளம் சொற்பம், திட்டு ஏராளம். ஆனால் அவர்கள் எத்தனை பேர் உயிரைக் காப்பாற்றினார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. இப்போது பல லாரிகளில் கிளீனர் இல்லை. டீசல், டோல், வண்டித் தவணை எல்லாம் ஏறியதும் முதலாளிகள் முதலில் குறைத்தது கிளீனரைத்தான். டிரைவர் தனியாக வருகிறான், இரவெல்லாம் ஓட்டியிருக்கிறான், இடப்பக்கம் பார்க்க ஆள் இல்லை. நீ தினமும் போவது அந்தப் பக்கத்தில்தான்.

இதைவிட முக்கியமானது ஒன்று, நிதானமாகப் படி. நாற்பது அடி கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் இடதுபக்கம் கம்பெனி கேட்டுக்குள் நுழைய வேண்டுமென்றால், டிரைவர் முதலில் வண்டியை வலதுபக்கம் தள்ளிக்கொண்டு போவான். நேராக ஒடித்தால் பின்சக்கரம் கேட் தூணில் ஏறிவிடும். நீளமான வண்டியின் பின்சக்கரம், முன்சக்கரம் போன தடத்தில் போகாது; உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதற்கு இடம் விடத்தான் அவன் அகலமாகப் போகிறான். பின்னால் வருகிற சைக்கிள்காரனுக்கு என்ன தெரியும்? லாரி வலதுபக்கம் ஒதுங்குகிறது, இடதுபக்கம் தாராளமாக வழி திறக்கிறது என்று தெரியும். நமக்குத்தான் வழி விடுகிறான் என்று நினைத்து உள்ளே நுழைவான். அடுத்த நொடி கேபின் இடதுபக்கம் திரும்பும். கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள இடம் கத்திரிக்கோல் மூடுகிற மாதிரி மூடும். அந்தக் கோணத்தில் இடப்பக்கக் கண்ணாடியில் டிரைவருக்குத் தெரிவது கண்டெய்னரின் தகரம் மட்டும். லாரியின் பக்கவாட்டில் கம்பித் தடுப்பு இருக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. பாதி வண்டியில் அது வளைந்தோ கழன்றோ கிடப்பதை நீயே பார்த்திருப்பாய். பெல் அடித்தாலும் இன்ஜின் சத்தத்தில் மேலே கேட்காது.

அதனால் வழி திறந்தால் நுழையாதே. முன்னால் போகிற நீள வண்டி காரணமில்லாமல் வலதுபக்கம் ஒதுங்கினால், இடதுபக்கம் திரும்பப் போகிறது என்றே எடுத்துக்கொள். பெடலை நிறுத்து, பின்னாலேயே இரு. நின்றுகொண்டிருக்கிற லாரியின் இடதுபக்கமாக முன்னால் போய் நிற்காதே. சிக்னலாக இருந்தாலும் சரி, நெரிசலாக இருந்தாலும் சரி. முழுதாகப் பின்னால் நில். புகை அடிக்கும், அடிக்கட்டும்.

இண்டிகேட்டரை நம்பி முடிவெடுக்காதே. பல வண்டிகளில் எரியாது, எரிகிற வண்டிகளில் போன திருப்பத்துக்குப் போட்டதை அணைத்திருக்க மாட்டான். நம் கவரைப்பேட்டையிலேயே 2024 அக்டோபர் 11 ராத்திரி என்ன நடந்தது? பாக்மதி எக்ஸ்பிரஸுக்கு நேர் பாதைக்குச் சிக்னல் கொடுத்திருந்தார்கள். வண்டி லூப் லைனுக்குள் திரும்பி, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. தண்டவாளத்தில் ஓடுகிற வண்டிக்கே அந்தக் கதி. நீ முன்சக்கரத்தைப் பார். விளக்கு என்ன சொன்னாலும் சக்கரம் திரும்பாமல் வண்டி திரும்பாது. கார், ஷேர் ஆட்டோவுக்கும் இதேதான். உன்னை முந்திப் போன உடனே வேகம் குறைகிறது என்றால், முன்னால் ஒரு பெட்ரோல் பங்கோ, டீக்கடையோ, சவாரிக்குக் கை காட்டுகிற ஆளோ இருக்கும். உன் குறுக்கே ஒடிப்பான். பிரேக்கில் விரல் இருக்கட்டும். கம்பெனி பஸ்ஸும் ஷிப்ட் நேரத்தில் அப்படித்தான் ஸ்டாப்பில் வந்து அணையும்.

அடுத்தது, நீ கோபித்துக்கொள்ளப் போகிற விஷயம். சர்வீஸ் ரோட்டில் நீ எதிர்த்திசையில் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். சுற்றிப் போகச் சோம்பல். ஊரே அப்படித்தான் போகிறது, எனக்கும் தெரியும். ஆனால் சத்தியவேடு ரோடு மாதிரி ஒரு பக்கச் சாலையிலிருந்து காரை எடுத்து இடதுபக்கம் திரும்புகிறவனை யோசித்துப் பார். வண்டி வருவது வலதுபக்கமிருந்து. அவன் கழுத்து வலதுபக்கமே திரும்பியிருக்கும். இடைவெளி கிடைத்ததும் அதே பார்வையோடு கிளட்சை விடுவான். நீயோ அவனுக்கு இடதுபக்கமிருந்து வந்துகொண்டிருப்பாய். ஹெல்சின்கியில் 1990-களில் ஆராய்ச்சிக்காரர்கள் கேமரா வைத்து டிரைவர்கள் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று பதிவு செய்ததாக என் மகள் படித்துக் காட்டினாள். திரும்புகிற டிரைவர்கள் வண்டி வருகிற பக்கத்தையே பார்த்தார்கள், மறுபக்கத்திலிருந்து வந்த சைக்கிளைக் கவனிக்கவில்லை. அங்கே வலதுபக்கம் ஓட்டுகிறார்கள், அதனால் எல்லாம் தலைகீழ். ஆனால் கழுத்து ஒன்றுதான். உன் திசையில் போ, அல்லது இறங்கித் தள்ளிக்கொண்டு போ.

மீடியன் இடைவெளியில் ரோட்டைக் கடக்கும்போதும் இறங்கிவிடு. யூ டர்ன் அடிக்கிறவனும் கடக்கிறவனும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கிற இடம் அது. நின்றிருக்கிற லாரியின் மறைவிலிருந்து சட்டென்று வெளியே வராதே. அடுத்த லேனில் வருகிறவனுக்கு லாரி தெரியும், நீ தெரியமாட்டாய்.

லண்டனில் பன்னிரண்டு டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு, கேபினிலிருந்து டிரைவர் கண்ணுக்கு நேராக எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். 2024 அக்டோபர் 28 முதல் மூன்று நட்சத்திரத்துக்குக் குறைந்த வண்டி கூடுதல் கேமரா, சென்சார் எல்லாம் மாட்டாமல் ஊருக்குள் ஓடக்கூடாது. இங்கே அப்படி ஒன்று வந்தால் முதலில் கைதட்டுகிறவன் நான். அதுவரை சைக்கிள்காரன்தான் ஒதுங்க வேண்டும் என்பது அநியாயம். அநியாயம் என்று தெரிந்தேதான் ஒதுங்கச் சொல்கிறேன்.

விளக்கு விஷயம். அந்தக் காலத்தில் டைனமோ எரியாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். நாங்கள் சபித்துக்கொண்டே வீடுவரை தள்ளிக்கொண்டு போவோம். இப்போது கேட்பாரில்லை. நீ நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரியவேண்டும். பெடலிலும் மட்கார்டிலும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டு. கறுப்புச் சட்டைக்கு மேலே கம்பெனியில் கொடுக்கிற பளபளப்பு ஜாக்கெட்டைப் போட்டுக்கொள். கேட்டுக்கு வெளியே வந்ததும் கழற்றிப் பையில் வைக்காதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். நம் பக்கம் ஷெட்டில் ஒரு டிரெய்லர் நிற்கிறது, டிரைவர் எனக்குத் தெரிந்தவர், பேசி வைத்திருக்கிறேன். நீ சைக்கிளோடு வா. கிளீனர் பக்கக் கதவை ஒட்டிச் சைக்கிளை நிறுத்தி, அதன் பக்கத்தில் உன் அம்மாவை நிற்கவைப்போம். நீ ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, அவள் தெரிகிறாளா என்று சொல். அதற்குள் பின் பிரேக் கட்டையை மாற்றிவிடு, தேய்ந்துவிட்டது என்றாள்.

இப்படிக்கு,
உன் மாமா