ஏழு கிலோவும் இருபது சென்டிமீட்டரும்

2025 மே மாசம், ஊரூர் குப்பத்துல எங்க வீட்டு வாசல். அம்மா மீன் எடை போடுற கொக்கித் தராசுல என் ட்ராலி பை தொங்கிட்டு இருந்துச்சு. 8 கிலோ 200 கிராம். தெருவே வேடிக்கை பார்க்குது. "வஞ்சிரம் மாதிரி இருக்குடா, வெட்டி வித்துடலாமா?"ன்னு பக்கத்து வீட்டு அண்ணன் கிண்டல். நான் ஒரு ஜீன்ஸை உருவி எடுத்தேன். 7 கிலோ 500. ஒரு புக்கை எடுத்தேன். 6 கிலோ 900. அப்பாடா.

மூணாவது வருஷ லீவுல பத்து வாரம் பெர்லின்ல இன்டர்ன்ஷிப். எங்க வீட்ல முதல் பாஸ்போர்ட் என்னோடதுதான். அதனால பெட்டி கட்டுறது எப்படின்னு சொல்லித்தர ஆள் இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரே எக்ஸ்பர்ட் எங்க அப்பா. ஃபைபர் போட்ல வலை, ஐஸ் பெட்டி, டீசல் கேன், தண்ணி கேன், சாப்பாட்டுத் தூக்கு எல்லாத்தையும் கால் வைக்க இடம் விட்டு அடுக்குற மனுஷன். அவர் பையைப் பார்த்துட்டு ஒண்ணுதான் கேட்டார். "இதுல எத எடுத்துட்டுப் போகலன்னா நீ திரும்பி வருவ?" அப்போ அந்தக் கேள்வியோட வெயிட் எனக்குப் புரியல.

இந்தக் கட்டுரை அடுத்த வருஷம் இன்டர்ன்ஷிப், மாஸ்டர்ஸ்னு ஐரோப்பா போகப்போற ஜூனியர்ஸுக்கு. சென்னையிலிருந்து போற பெரிய விமானத்துல 23 கிலோவோ 30 கிலோவோ செக்-இன் கொடுக்குறாங்க, அதுல பிரச்சினை இல்ல. அங்கே போய் இறங்கின பிறகு, சனி ஞாயிறுல 20 யூரோவுக்கு டிக்கெட் இருக்கேன்னு ரயன்ஏர், ஈஸிஜெட், விஸ் ஏர் பக்கம் போவீங்க பாருங்க, அங்கேதான் மாட்டுவோம்.

நான் மாட்டின கதை இதுதான். பெர்லின்லேர்ந்து மிலான், பெர்காமோ ஏர்போர்ட். டிக்கெட் 22 யூரோ. வீட்டுக்கு போன்ல சொன்னப்போ அப்பா, "நம்ம ஊர்லேர்ந்து கன்னியாகுமரி போற பஸ்ஸு டிக்கெட் மாதிரி இருக்கே"ன்னு சந்தோஷப்பட்டார். ரங்கநாதன் தெருவுல வாங்கின அந்த ட்ராலியைத்தான் எடுத்துட்டுப் போனேன். 'கேபின் சைஸ்'னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, தராசுல 6 கிலோ கூட வராது. கேட் பக்கத்துல ஒரு இரும்புக் கூண்டு. அதுல பையை வைக்கச் சொன்னாங்க. பாதி கூட இறங்கல. 65 யூரோ. கார்டைத் தேய்ச்சேன். நம்ம காசுக்கு ஏறக்குறைய 6,500 ரூபாய், டிக்கெட்டை விட மூணு மடங்கு. குப்பத்துல சில வாரம் அப்பா கையில மிஞ்சுறது அவ்வளவு இருக்காது. இன்னைக்கு வரைக்கும் வீட்ல சொல்லல. இந்த இதழ் வந்ததும் தெரிஞ்சுடும்.

தப்பு யாருடையது? ஸ்டிக்கர் பொய் சொல்லல. இந்தியாவுல கேபின் பைன்னா பொதுவா 7 கிலோ, 55 செ.மீ. உயரம். மேலே இருக்கிற ஷெல்ஃப்ல வைக்கிற பை. ஐரோப்பாவோட சிக்கன விமானங்கள்ல சும்மா கொடுக்குறது அது இல்ல, முன் சீட்டுக்கு அடியில தள்ளுற சின்னப் பை. ரயன்ஏரும் விஸ் ஏரும் 40 × 30 × 20 செ.மீ. (ரயன்ஏர்ல 2025 செப்டம்பர் வரைக்கும் 40 × 25 × 20தான்.) ஈஸிஜெட் கொஞ்சம் தாராளம், 45 × 36 × 20. பெருக்கிப் பாருங்க: 24 லிட்டர், 32.4 லிட்டர். என் ட்ராலி 55 × 40 × 20, அதாவது 44 லிட்டர். நம்ம ஊர்ல எடைதான் எதிரி, அங்கே கன அளவுதான் எதிரி. நான் தராசை நம்பிப் போனேன், தேவைப்பட்டது டேப்பு.

ஏன் இவ்வளவு கெடுபிடி? ரெண்டு காரணம். முதல் காரணம் நேரம். இந்த மாடல்ல விமானம் தரையிறங்கி, ஆள் இறக்கி, ஆள் ஏத்தி, மறுபடி கிளம்ப 25 நிமிஷம்தான் இலக்கு. தரையில நிக்கிற விமானம் சம்பாதிக்காது (கரையில நிக்கிற போட்டும் அப்படித்தான்). போயிங் 737-800ல 189 சீட் போட்டிருக்காங்க, மேல் ஷெல்ஃப்ல சுமார் 90 ட்ராலிக்கு மேல நுழையாது. எல்லாரும் ட்ராலியோட வந்தா வாசல்லயே அரை மணி நேரம் போயிடும். இது நியாயமான காரணம்.

ரெண்டாவது காரணம் காசு. 2024 மார்ச்சோட முடிஞ்ச நிதியாண்டுல ரயன்ஏரோட மொத்த வருமானம் 1,344 கோடி யூரோ. அதுல 430 கோடி யூரோ டிக்கெட் விலை இல்ல. பை, சீட் தேர்வு, முன்னாடி ஏறுற உரிமை, உள்ள விக்கிற காபி, இந்த மாதிரி. கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. 22 யூரோ டிக்கெட் எப்படிக் கட்டுப்படியாகுதுன்னு யோசிச்சீங்கன்னா, என்னை மாதிரி ஆளுங்கதான் கட்டுபடியாக்குறோம்.

இதைக் கேட்க ஆளே இல்லையான்னா, இருக்கு. 2014 செப்டம்பர்ல ஐரோப்பிய நீதிமன்றம் வுவெலிங் வழக்குல ஒரு தீர்ப்பு சொல்லுச்சு: செக்-இன் பைக்குத் தனியா காசு வாங்கலாம், ஆனா கைப்பை பயணத்தோட பிரிக்க முடியாத பகுதி, எடையும் அளவும் நியாயமா இருந்தா அதுக்குக் கூடுதல் காசு வாங்கக்கூடாது. சூப்பர் தீர்ப்பு. ஆனா 'நியாயமான அளவு' எத்தனை செ.மீ.ன்னு சொல்லாம விட்டுட்டாங்க. டாலரன்ஸ் போடாத டிராயிங் மாதிரி. அந்த ஓட்டையிலதான் பத்து வருஷமா சண்டை. 2024 நவம்பர்ல ஸ்பெயின் அரசு ரயன்ஏர், வுவெலிங், ஈஸிஜெட், நார்வீஜியன், வோலோடியா ஆகிய அஞ்சு கம்பெனிகளுக்கும் சேர்த்து 17.9 கோடி யூரோ அபராதம் போட்டது, கம்பெனிகள் எதிர்த்து நின்னாங்க. 2025ல 40 × 30 × 15 அளவையாவது எல்லாரும் இலவசமா ஏத்துக்கலாம்னு பெரிய கம்பெனிகள் சங்கமா ஒத்துக்கிட்டாங்க. கேட்ல நின்னுக்கிட்டு தீர்ப்பை வாசிச்சுக் காட்டினா யாரும் கேட்க மாட்டாங்க, அதனால பையைச் சரி பண்ணுவோம்.

மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு வார்த்தையில சொல்லிடலாம்: அந்த இரும்புக் கூண்டு ஒரு கோ, நோ-கோ கேஜ். மெட்ராலஜி லேப்ல பிளக் கேஜ் வச்சுப் பார்த்திருப்பீங்க. அது சராசரியைப் பார்க்காது, அதிகபட்ச இடத்தைத்தான் பார்க்கும். உங்க பை எல்லா இடத்துலயும் 18 செ.மீ. இருந்து, நடுவுல சார்ஜர் வச்ச ஒரு இடம் மட்டும் 22 இருந்தா, பை 22 செ.மீ.தான். துணிப் பையில துணியைத் திணிச்சா அது செவ்வகமா நிக்காது, தலைகாணி மாதிரி நடுவுல உப்பும். அதனால 20 செ.மீ. ஆழம்னா 17, 18 வரைக்கும்தான் நிரப்பணும். சக்கரம், கைப்பிடி, முன் ஜிப்புல வச்ச தண்ணி பாட்டில் எல்லாமே அளவுல சேர்த்தி. சக்கரமும் இழுக்கிற கம்பியும் இருக்கிற ட்ராலி, 24 லிட்டர்ல கணிசமா தின்னுடும், கூடவே எடையும். சாதாரண காலேஜ் பேக் போதும். 15.6 இன்ச் லேப்டாப் சுமார் 36 × 24 செ.மீ., முதுகுப் பக்கம் நிமிர்த்தி வச்சா 40 × 30க்குள்ள உக்காந்துடும்.

உள்ளே என்ன வைக்கிறது? மூணு நாள் ட்ரிப்புக்கு மூணு டி-ஷர்ட், உள்ளாடை, ஒரு மெல்லிசான துண்டு. கனமானது எல்லாம் உடம்புல: ஜீன்ஸ், ஷூ, ஜாக்கெட். ஜாக்கெட் பாக்கெட்டுக்கு அளவு விதி கிடையாது, அதுல சார்ஜரும் பவர் பேங்கும் போகும். பவர் பேங்க் எப்பவும் கையோடதான் இருக்கணும். கேட்ல பையைப் பிடுங்கி கீழ்த்தட்டுக்கு அனுப்பினா கூட, பவர் பேங்கை வெளிய எடுத்துடணும். வரம்பு 100 வாட் ஹவர். 20,000 மில்லி ஆம்பியர் ஹவரை 3.7 வோல்ட்டால பெருக்கி ஆயிரத்தால வகுத்தா 74 வரும், ஓகே. 27,000 கிட்ட போனா எல்லை.

இனி அம்மாக்கள் சப்ஜெக்ட். திரவம்னா 100 மி.லி. டப்பா, எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் ஜிப் கவர். 200 மி.லி. பாட்டில்ல அடியில கொஞ்சம்தான் இருக்குன்னாலும் பாட்டில் அளவுதான் கணக்கு. ஊறுகாய், தொக்கு, புளிக்காய்ச்சல் எல்லாம் திரவக் கணக்குலதான் வரும். தேங்காய் எண்ணெய் பெர்லின் குளிர்ல கல்லு மாதிரி உறைஞ்சாலும் அதுவும் அப்படித்தான். இட்லிப் பொடிக்குப் பிரச்சினை இல்ல. புது ஸ்கேனர் இருக்கிற சில ஏர்போர்ட்ல 2025லேர்ந்து 2 லிட்டர் வரைக்கும் விடுறாங்க. போகும்போது விட்டாங்கன்னு வாங்கிட்டு, திரும்பும்போது வேற ஏர்போர்ட்ல குப்பையில போடாதீங்க.

இந்தியாவுலேர்ந்து உள்ள கொண்டு போறதுக்கு வேற சட்டம். ஐரோப்பிய யூனியனுக்குள்ள நாம இறைச்சி, பால் பொருள் எடுத்துட்டுப் போகக்கூடாது. நெய், பால்கோவா, பன்னீர் எல்லாம் அவுட். பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாம கூடாது. தேங்காய்க்கு அங்கே தடை இல்ல, ஆனா நம்ம ஊர் விமானத்துல கைப்பையில விட மாட்டாங்க. 2024 அக்டோபர்ல சபரிமலை போறவங்களுக்காக மட்டும், இருமுடித் தேங்காய்க்கு ஜனவரி 20 வரைக்கும் தளர்த்தினாங்க. இதெல்லாம் படிச்சுக்கிட்டே வந்தப்போ ஒரு வரியில எனக்குக் கண்ணு நின்னுடுச்சு: மீன், கருவாடு உட்பட, சொந்த உபயோகத்துக்கு ஆளுக்கு 20 கிலோ வரைக்கும் ஐரோப்பாவுக்குள்ள கொண்டு போகலாம். நெய் ஒரு ஸ்பூன் கூடாது, கருவாடு 20 கிலோ ஓகே! அம்மாகிட்ட சொன்னதும் அவங்க முகத்தைப் பார்க்கணும். "பாத்தியா, வெள்ளக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு." நெத்திலி கருவாட்டை வெறும் சட்டியில வறுத்து ஆறவச்சு, மூணு கவர் போட்டு, ரப்பர் வளையம் இருக்கிற டப்பாவுல பூட்டிக் கொடுத்தாங்க.

இன்னும் ரெண்டு விஷயம், இது பையை விடப் பெருசு. நம்ம பாஸ்போர்ட்டுக்கு போன்ல போர்டிங் பாஸ் வந்துட்டா மட்டும் வேலை முடியாது. ரயன்ஏர்ல ஐரோப்பியர் இல்லாதவங்க செக்யூரிட்டிக்கு முன்னாடியே கவுன்ட்டர்ல போய் விசாவைக் காட்டணும். காட்டாம கேட் வரைக்கும் போயிட்டா திருப்பி அனுப்புவாங்க. ஆன்லைன் செக்-இன் மறந்தாலும் அபராதம், அதுவும் டிக்கெட்டை விட ஜாஸ்தி. அடுத்தது: லண்டனும் டப்ளினும் ஷெங்கன் கிடையாது. உங்க விசா ஒரே ஒரு என்ட்ரின்னா, 15 யூரோவுக்கு டிக்கெட் கிடைக்குதேன்னு டப்ளின் பக்கமே யோசிக்காதீங்க. அந்த நாட்டு விசா தனி, அது இருந்து போனாலும் உங்க ஷெங்கன் என்ட்ரி முடிஞ்சிடும்.

விலை பார்க்கும்போது ஏர்போர்ட் எங்கே இருக்குன்னும் பாருங்க. 'பாரிஸ்'னு போட்டிருக்கிற போவே, பாரிஸ்லேர்ந்து 85 கிலோமீட்டர் கிட்ட. பஸ் காசையும் கூட்டுங்க. பெரிய பை நிஜமாவே வேணும்னா புக் பண்ணும்போதே வாங்கிடுங்க, கேட்ல வாங்குறதை விடப் பல மடங்கு கம்மி.

ஜூலையில ரெண்டாவது ட்ரிப், புடாபெஸ்ட். அங்கே நம்ம காலேஜ் சீனியர் ஒருத்தர் மாஸ்டர்ஸ் பண்றார். இந்தத் தடவை ஆய்வகத்துல தூக்கிப்போட இருந்த அட்டைப் பெட்டியை வெட்டி, 40 × 30 × 20க்கு ஒரு கேஜ் செஞ்சேன். காலேஜ் பேக் அதுல வழுக்கிட்டு உள்ள போற வரைக்கும் ஒவ்வொண்ணா எடுத்தேன். அப்பா கேட்ட கேள்வியைத்தான் ஒவ்வொரு பொருளுக்கும் கேட்டேன். ஹேர் டிரையர், ரெண்டாவது ஜோடி ஷூ, மூணாவது பேன்ட், எதுக்காகவும் நான் திரும்பி வர மாட்டேன். கடைசியில மிச்சமிருந்த இடத்துல சீனியருக்கு 200 கிராம் நெத்திலி.

கேட்ல அதே மாதிரி கூண்டு. பையை வச்சேன், உள்ள போச்சு, ஈஸியா வெளியவும் வந்துச்சு. நின்ன அக்கா ஒரு செகண்ட் மூக்கைச் சுருக்கினாங்க, என்னைப் பார்த்தாங்க, பையைப் பார்த்தாங்க. வாசனைக்கு ரூல் இல்ல. போகலாம்னு தலையாட்டினாங்க.

அட்டை கேஜ் இப்போ எங்க ஹாஸ்டல் நண்பன் ரூம்ல இருக்கு, யாருக்கு வேணும்னாலும் வாங்கிக்கலாம். தராசு வேணும்னா குப்பத்துக்கு வாங்க, ஆனா காலைல பத்து மணிக்கு மேல. அதுக்கு முன்னாடி அம்மாவுக்கு வேலை இருக்கும்.