தேய்ப்பு வண்டி கற்றுத்தரும் ஆய்வு

அறிவியல் கண்காட்சிக்கான அறிவிப்பு வந்ததும் நம் பள்ளிகளில் தெர்மோகோல், வண்ணத்தாள், பேட்டரி, சிறு விளக்குகள் எல்லாம் வந்து சேரும். எரிமலை, காற்றாலை, மழைநீர் சேகரிப்பு என அழகான மாதிரிகள் உருவாகும். ஆனால், "இதை யாருக்காகச் செய்தாய்? அவரிடம் பேசினாயா?" என்று கேட்டால் பல மாணவர்கள் விழிப்பார்கள்.

ஒருவரின் அன்றாடச் சிக்கலை நேரில் கவனிப்பது, அவரிடம் கேட்டறிவது, அதற்கேற்ற பொருளையோ முறையையோ உருவாக்குவது, அதை அவரிடமே கொடுத்துச் சோதித்துத் திருத்துவது ஆகிய படிகளைக் கொண்டதே வடிவமைப்பு ஆய்வு. இதை விளக்க நம் மாநிலத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது.

திருவண்ணாமலையின் சூரிய வண்டி

தெருவோரத்தில் துணி தேய்ப்பவர்கள் கரி நிரப்பிய இஸ்திரிப் பெட்டியைப் பயன்படுத்துவதையும், எரிந்த கரி குப்பைக்குப் போவதையும் திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் கவனித்தார். அப்போது அவருக்கு வயது 12. கரி எங்கிருந்து வருகிறது, அதன் புகை தேய்ப்பவரின் நுரையீரலை என்ன செய்யும், எத்தனை மரங்கள் இதற்காக வெட்டப்படுகின்றன என்று தேடிப் படித்தார். சூரிய ஆற்றலில் இயங்கும் தேய்ப்பு வண்டி ஒன்றை வடிவமைத்தார்.

இதற்காக 2019ஆம் ஆண்டு தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் இக்னைட் விருது கிடைத்தது. அந்த அறக்கட்டளையின் உதவியுடன் முழு அளவிலான வண்டி உருவானது. 2020இல் சுவீடனின் குழந்தைகளுக்கான காலநிலைப் பரிசையும் அவர் பெற்றார். 2021இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானார். அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உரையாற்றினார்.

விருதுகளைச் சொல்லும்போதே, வண்டியின் அமைப்பையும் மாணவர்களுக்கு விளக்குவோம். தேய்ப்பவர் தெருத்தெருவாகச் செல்பவர் என்பதால் வண்டியை மிதித்து ஓட்டலாம். தெருவில் மின் இணைப்பு கிடைக்காது என்பதால் கூரையில் சூரியத் தகடுகள் உள்ளன. வெயில் இல்லாத நேரத்துக்கு மின்கலம் இருக்கிறது. கைப்பேசிக்கு மின்னேற்றும் வசதியால் அவருக்குக் கூடுதல் வருமானமும் கிடைக்கும். வண்டியின் ஒவ்வொரு பகுதியும் ஒரு தொழிலாளியின் ஒரு நாள் வாழ்க்கைக்குப் பதில் சொல்கிறது.

கேள்வியை எழுதுவதே முதல் வேலை

"கரிப்புகையை ஒழிப்பது எப்படி?" என்று வகுப்பில் கேட்டால், "கரியைத் தடை செய்யலாம்" என்று யாராவது சொல்வார். புகை நின்றுவிடும்; தேய்ப்பவரின் பிழைப்பும் நின்றுவிடும். "தெருத்தெருவாகச் செல்லும் தேய்ப்பவர், வருமானம் குறையாமல், கரி இல்லாமல் வேலை செய்வது எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். மாணவர்களின் சிந்தனை வேறு திசையில் போகும். கேள்விக்குள் மனிதர் இருக்க வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை உண்டு. பௌர்ணமிதோறும் மக்கள் வெறுங்காலுடன் நடக்கிறார்கள். வழியெங்கும் அன்னதானம் நடக்கிறது. குடிநீர், குப்பை, கழிப்பறை, கூட்டத்தில் தவறும் குழந்தைகள் என ஆய்வுக்குரியவை பல. உங்கள் ஊரில் பேருந்து நிலையம், உழவர் சந்தை, நியாயவிலைக் கடை எதையும் தேர்ந்தெடுக்கலாம். கூட்டம் குறைந்த நாளில், பெற்றோர் அனுமதி பெற்று, ஆசிரியர் துணையுடன் செல்ல வேண்டும். யாரையும் அனுமதியின்றிப் படம் எடுக்கக் கூடாது.

1. கவனித்தல்: அரை மணி நேரம் பேசாமல் பார்த்து, கண்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். "குப்பை அதிகம்" என்பது கருத்து. "தொட்டிக்கு வெளியே 23 தட்டுகள் கிடந்தன" என்பது பதிவு.

2. கேட்டல்: "இன்னொரு தொட்டி வேண்டுமா?" என்றால் எல்லோரும் ஆம் என்பார்கள். "சாப்பிட்டதும் தட்டை எங்கே போட்டீர்கள்? ஏன் அங்கே?" என்று கேட்டால் உண்மை வெளிவரும்.

3. கேள்வி அமைத்தல்: யாருக்கு, எப்போது, என்ன சிரமம் என்பது ஒரே வாக்கியத்தில் வர வேண்டும்.

4. மாதிரி செய்தல்: பழைய அட்டையும் கயிறும் போதும். ஒரு பாடவேளைக்குள் முடிக்க வேண்டும். அதிகம் உழைத்துச் செய்த மாதிரியை மாற்ற மாணவர்களுக்கு மனம் வராது.

5. சோதித்தல்: பயன்படுத்தப் போகிறவரிடம் மாதிரியைக் கொடுத்துவிட்டு, விளக்கம் சொல்லாமல் நிற்க வேண்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே திருத்தம் தேவை.

சில சிக்கல்களை மக்கள் எளிதில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மலிவு விலையில் சானிட்டரி நாப்கின் தயாரிக்கும் இயந்திரத்தை உருவாக்கிய கோவை அருணாசலம் முருகானந்தம், பெண்கள் கருத்துச் சொல்லத் தயங்கியதால் நாப்கினைத் தானே அணிந்து சோதித்தார். பதில் வராதபோதும் மற்றவரின் தயக்கத்தை மதித்து வேறு வழி தேட வேண்டும் என்பதை மாணவர்களுக்கு உணர்த்துங்கள்.

மதிப்பீடு

மாதிரியின் அழகுக்கு மட்டும் மதிப்பெண் தர வேண்டாம். குறிப்பேட்டில் எத்தனை பேரின் பதில்கள் உள்ளன, சோதனைக்குப் பின் என்ன மாறியது என்பவற்றுக்கும் மதிப்பெண் தாருங்கள். நல்ல சிந்தனைகளை இன்ஸ்பயர்-மானக் விருதுக்கு அனுப்பலாம். தேர்வாகும் சிந்தனைக்கு மாதிரி உருவாக்க 10,000 ரூபாய் வழங்கப்படுகிறது.

செயல்பாட்டின் நிறைவாக இந்தக் கேள்வியை வகுப்பில் வையுங்கள்: கரிக்குத் தினமும் சிறிது சிறிதாகச் செலவழிக்கும் தேய்ப்பவர், புதிய வண்டிக்கு ஒரே நேரத்தில் பெரிய தொகையை எப்படித் தருவார்? தவணையா, வாடகையா, சுய உதவிக் குழுக் கடனா? மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். பிறகு தங்கள் தெருவில் துணி தேய்ப்பவரிடமே கேட்டு வரட்டும்.